பென்டிரைவ் மாப்பிள்ளை பேய் ஆஸ்பத்திரிக்குப் போன கதை

கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தேன். காலை பதினோரு மணி. திருப்பதியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் ஒளிந்திருந்த ஊரில் மட்டும் பனி பெய்துகொண்டிருந்தது.

கட்டிலைச் சுற்றி இரண்டு கால்கள் நடந்தன. செருப்பில்லாத கால்கள். முழங்கால் வரை ஒரு அழுக்கு வெள்ளைக் கோட்டு தொங்கியது. ஒவ்வொரு அடிக்கும் ஈரத் துணியைத் தரையில் போட்டு எடுப்பது மாதிரி ஒரு சத்தம். எனக்கு நேராக வந்ததும் அது நின்றது. நின்று, மூக்கை உறிஞ்சியது.

"மூச்ச மெதுவா விடுங்க," என்றாள் பக்கத்தில் இருந்த பெண், தன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. "உங்க மைக்ல போவுது. அதுக்குக் கண்ணு கிடையாது, காது மட்டும்தான்."

நான் மூச்சை மெதுவாக விடவில்லை. "நைனா" என்று கத்தினேன். என் அப்பா அந்த நேரம் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் நகரியில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டியதற்குக் கேட்டுவிட்டது.

திரை சிவப்பாகி, கறுப்பாகி, நான் செத்துப்போனதாக ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் ஹெட்போனைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் பெயர் ஹேமா. அவளைத்தான் நான் அன்று பெண் பார்க்கப் போயிருந்தேன்.

பதினோராவது

போன வாரம் இந்தத் தொடரில் பத்தாவது பெண் என்னை வேண்டாம் என்று சொன்ன கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் புத்தூரிலிருந்து ஒரு வாசகர், "உங்கள் மானத்தை நீங்களே வாரா வாரம் ஏலம் விடுகிறீர்களே, வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை ஐயா.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. நகரியில் எங்கள் வீட்டு முன்பக்கத்தில் நான்கு பவர்லூம். பின்பக்கத்தில் நாங்கள். ஸ்ரீ சிட்டியில் ஏதோ ஒரு கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்கும் பையனுக்குப் பெண் கொடுக்க நாலு வீட்டில் நிற்பார்கள். அவனுக்கு ஒரு பஸ் வரும், ஒரு சீருடை இருக்கும், கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். சொந்தத் தறி வைத்திருப்பவனுக்கு எதுவும் தொங்காது. பெண் வீட்டில், "பையன் இன்னா பண்றாரு?" என்பார்கள். "தறி" என்றதும் காபியில் சர்க்கரை குறைந்துவிடும்.

தரகர் முனிரத்தினம் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். என்னால் அவருடைய தொழிலுக்கே கெட்ட பேர் வருகிறது என்று அவருக்கு ஒரு வருத்தம். ஹேமாவின் போட்டோவைக் கொடுத்தபோது முடிவாகவே சொல்லிவிட்டார்.

"இத்தோட நான் இந்த வூட்டுப் படி ஏற மாட்டன்கா. இந்தப் பொண்ணு வேணாம்னு சொல்ட்டா, லோகுவ சாமியாரா அனுப்பிடுங்க."

அம்மா தலையாட்டினார். நான் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற போட்டோக்களில் பெண்கள் எல்லாம் ஸ்டூடியோக்காரர் சொன்ன பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவள் ஸ்டூடியோக்காரரைப் பார்த்து, 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று கேட்கிற மாதிரி இருந்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பப் பிடித்துவிட்டது.

பென்டிரைவ் வேலை

முனிரத்தினம் பொய் சொல்ல மாட்டார். உண்மையைச் சலவை செய்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பார்.

எங்கள் நான்கு தறியில் ஒன்றில் சேலை பார்டருக்கு டிசைன் போட கம்ப்யூட்டர் ஜக்கார்டு பொருத்தியிருந்தோம். டிசைனை ஒருவர் பென்டிரைவில் போட்டுக் கொடுப்பார். அதை நான் பெட்டியில் சொருகி, பச்சை பட்டனை அழுத்துவேன். அவ்வளவுதான். என் கம்ப்யூட்டர் அறிவு அங்கே தொடங்கி அங்கேயே முடிந்தது.

முனிரத்தினம் பெண் வீட்டில் போய், "பையன் கம்ப்யூட்டர் லைனு, டிசைன் செக்ஷன்" என்று சொல்லிவிட்டு வந்தார். "தறிங்கிற பேச்சே எடுக்காதிங்க. அவங்க மொதல்லயே சொல்ட்டாங்க, தறிக்கார வூடு வேணாம்னு. கல்யாணம் ஆவட்டும், அப்பறம் மெதுவா தெரிஞ்சிக்கட்டும்" என்றார்.

நான்கு பவர்லூமை ஒரு பெண் எப்படி மெதுவாகத் தெரிந்துகொள்வாள் என்று நான் கேட்டிருக்கவேண்டும். எங்கள் தெரு முனையில் திரும்பும்போதே தாலியே ஆடும். நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நைனா, "உண்மதான, கம்ப்யூட்டர் தான கீது" என்று சொல்லிவிட்டு தறி நாடாவில் நூல் தீர்ந்த தாரை மாற்றப் போய்விட்டார். ஆக, குடும்பத்தோடு பொய் சொன்னோம்.

பெண் வீட்டிலிருந்து ஒரே ஒரு நிபந்தனை வந்தது. பெண்ணும் பையனும் ஒரு மணி நேரம் தனியாகப் பேசவேண்டும். இடத்தைப் பெண் சொல்லுவாள். கோயில் என்று நினைத்தோம், திருப்பதியில் வேறு என்ன சொல்வார்கள். ஒரு ஷாப்பிங் காம்ப்ளக்ஸின் மூன்றாவது மாடி என்று வந்தது.

கண்ணாடிக் கதவில் ஒரு எலும்புக்கூடு துப்பாக்கியோடு நின்றது. உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், பைக் சீட் மாதிரி சிவப்பு நாற்காலிகள். ஏ.சி. குளிரில் பாப்கார்ன் வாசனை. பெரியவர்களைக் கீழே ஜூஸ் கடையில் உட்காரவைத்துவிட்டு ஹேமா என்னை மேலே அழைத்துக்கொண்டு போனாள்.

"நீங்க கம்ப்யூட்டர் லைன்னு சொன்னாங்க. எதிர் எதிர உக்காந்துக்கினு 'உங்களுக்கு இன்னா புடிக்கும்'னு கேக்கறதுக்கு இது பரவால்ல இல்ல?" என்றாள். "ஹாரர் கேம் ஆடுவீங்களா?"

"ஆடுவேன்," என்றேன்.

பேயோடு முன் அனுபவம்

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், பேய் விஷயத்தில் எனக்கு ஒரு முன் அனுபவம் உண்டு.

ரொம்ப நாளைக்கு முன்னால், நாகலாபுரம் பக்கம் ஒரு திருவிழாவில் 'பேய் வீடு' என்று கூடாரம் போட்டிருந்தார்கள். நண்பர்களோடு உள்ளே போனேன். இருட்டு. தகரத்தைத் தட்டும் சத்தம். மூலையில் கறுப்புத் துணி போர்த்திய உருவம் ஒன்று சிவப்பு பல்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. நண்பர்கள் கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டு ஓடினார்கள். எனக்குக் கால் வரவில்லை.

அந்த உருவம் கிட்டே வந்து, "டேய், நீ தறிக்கார நாகய்யா புள்ள லோகு தான?" என்றது. எங்கள் பின்தெருவில் தறி ஓட்டியவர். நெய்யப் பாவு நூல் கிடைக்காத மாதங்களில் இப்படி ஊர் ஊராகப் பேயாகப் போய்க்கொண்டிருந்தார். "வூட்டாண்ட சொல்லாத" என்று கேட்டுக்கொண்டு பல்பை அணைத்தார்.

நான் சொல்லவில்லை. வெளியே வந்து, பேயோடு நின்று பேசிவிட்டு வந்தவன் என்று பேர் வாங்கினேன். பல வருஷம் அந்தப் பேரில் ஓட்டினேன். எந்தப் பேயாக இருந்தாலும் உள்ளே ஒரு தறிக்காரர் இருப்பார் என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

மூன்று மரணங்கள்

விளையாட்டு இதுதான். மூடிக்கிடக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கண்ணில்லாத ஒரு டாக்டர் உள்ளே திரிகிறது. சத்தம் கேட்டால் வரும். சாவிகளைத் தேடி, கதவுகளைத் திறந்து, வெளியே போகவேண்டும். திருமலை தரிசன வரிசையில் ஒரு கம்பார்ட்மென்டிலிருந்து இன்னொரு கம்பார்ட்மென்டுக்குப் போவது மாதிரிதான், கடைசியில் லட்டு மட்டும் கிடையாது.

முதல் பத்து நிமிடம் நான் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மவுஸை அசைத்தால் தலை திரும்பும் என்றாள். என் தலை மேலே போனது, கீழே வரவில்லை. ஒரு ஆள் அண்ணாந்து பார்த்தபடியே சுவரில் முட்டிக்கொண்டு நடப்பதை ஹேமா தன் திரையில் பார்த்தாள்.

"உங்க ஆபீஸ்ல வேற மாதிரி மவுஸா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"அங்க டச்," என்றேன். பச்சை பட்டனைத் தொடத்தானே செய்கிறேன்.

முதல் மரணம் கட்டிலுக்கு அடியில், மேலே சொன்னேன். இரண்டாவது மரணம் ஒரு நீள வராந்தாவில். ஹெட்போனில் தடதடவென்று ஒரு சத்தம் வந்தது, எங்கோ பெரிய இயந்திரம் ஓடுவது மாதிரி. எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. இங்கே வந்ததிலிருந்து முதல் தடவையாக நிம்மதியாக இருந்தது. அந்தப் பக்கமாக நடந்தேன்.

"எங்க போறீங்க?" என்றாள் ஹேமா. "அது சத்தம் வர்ற பக்கம்."

"ஆமா," என்றேன்.

"ஆமாவா? அங்கதான் அது கீது."

சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் வந்து என் கழுத்தைத் திருப்பிவிட்டார்.

மூன்றாவது மரணம் இதற்கு நேர் எதிர். சத்தம் எல்லாம் அடங்கி, ஒரு அறையில் பத்திரமாக நின்றோம். ஹேமா நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் குடித்தாள். எனக்கு மட்டும் வியர்த்தது. ஏதோ கெட்டுப்போய்விட்டது, உடனே ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். டாக்டர் வாசலிலேயே இருந்தார்.

இது என் தப்பு இல்லை. எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகள் தறிச் சத்தத்தில் தூங்கும், கரென்ட் போய்ச் சத்தம் நின்றால் எழுந்து அழும். சத்தம் இருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். ஒரு தறி திடீரென்று நின்றால், இழை அறுந்திருக்கும், அல்லது யாருக்கோ அடிபட்டிருக்கும். தின்றுகொண்டிருந்தாலும் தட்டை வைத்துவிட்டு ஓடுவோம். முப்பத்து மூன்று வருஷம் இப்படியே ஓடிய ஆளை, சத்தம் வந்தால் ஓடு, நின்றால் நில் என்று ஒரு காலையில் மாற்ற முடியுமா?

பேச்சும் அப்படித்தான். தறி ஓடும்போது குரல் எடுபடாது. எதிரில் போய் நின்று, வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். சாப்பிடும்போதும் அதே பழக்கம். முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசுகிற மரியாதையான குடும்பம் என்று விருந்தாளிகள் நினைத்துக்கொள்வார்கள்.

இதை எல்லாம் ஹேமாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் 'எந்தத் தெரு?' என்று கேட்பாளே. மூடிக்கொண்டு செத்தேன்.

ஹேண்டில்

ஒரு மணி நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, எப்படியோ கடைசிக் கதவுக்கு வந்துவிட்டோம். எப்படியோ என்றால், ஹேமா வந்தாள், நான் அவள் பின்னால் வந்தேன்.

பெரிய இரும்புக் கதவு. பக்கத்தில் ஒரு ஹேண்டில். ஒருவர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால்தான் கதவு திறந்திருக்கும். இன்னொருவர் அந்தப் பக்கம் ஓடி, அங்கிருக்கும் ஹேண்டிலைப் பிடித்தால் முதல் ஆளும் வெளியே வரலாம்.

"இந்த பட்டன அழுத்திப் புடிச்சிக்கோங்க. நான் போறன். அது வந்துச்சின்னா விட்டுட்டு ஓடிப்போய் பீரோல ஒளிஞ்சிக்கோங்க. கதவு மூடிக்கும், நான் செத்துடுவேன், பரவால்ல, இன்னொரு தபா ஆடலாம்," என்றாள்.

ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினேன். கதவு முனகிக்கொண்டு மேலே போனது. ஹேமா குனிந்து உள்ளே ஓடினாள். அது ஒரு நீளமான சுரங்கம். அவள் டார்ச் வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போனது.

பின்னால் ஈரத் துணிச் சத்தம் கேட்டது.

என் கழுத்துக்குப் பின்னால் நிஜமாகவே குளிர்ந்தது. ஏ.சி. என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. மூச்சை அடக்கினேன். சத்தம் வலது காதுக்கு வந்தது, பிறகு இடது காதுக்கு. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் என் தோளுக்கு மேல் கேட்டது. விட்டுவிட்டு ஓடு என்று மூளை சொல்லியது. விரல் எழவில்லை. டார்ச் வெளிச்சம் இன்னும் சுரங்கத்துக்குள்தான் இருந்தது.

அது என் கழுத்தைப் பிடித்தது. விரல் அப்போதும் எழவில்லை. என் திரை கறுப்பான அதே நேரம் ஹேமாவின் திரையில் வெளிச்சம் வந்தது. பனி, மரங்கள், ஒரு ரோடு. அவள் வெளியே போய்விட்டாள்.

ஹேமா ஹெட்போனைக் கழற்றினாள். என் விரல் இன்னும் பட்டனிலேயே இருந்தது. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏன் விடல?" என்றாள்.

நானும் விரலைப் பார்த்தேன்.

"இதுக்கு முன்ன பொண்ணு பாக்க வந்த மூணு பேர இங்க இட்டுக்கினு வந்தன். மூணு பேரும் சூப்பரா ஆடுனாங்க. ஆனா, இந்த எடத்துல வந்து விட்டுட்டாங்க. கேம் தானேன்னு சிரிச்சாங்க. கேம்தான். ஆனா எனக்குப் புடிக்கல." ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு, "நீங்க ஆடத் தெரியாம ஆடி, கடைசில இப்படி நின்னிங்களே," என்று சிரித்தாள்.

போட்டோவில் இல்லாத சிரிப்பு. சும்மா இருந்தால் போதும். ஒரு வார்த்தையும் சொல்லாமல், தலையைக் குனிந்து, ஒரு வீரனைப் போல எழுந்து நின்றால் கல்யாணம் முடிந்தது. முனிரத்தினம் கீழே ஜூஸ் கடையில் மாலையே வாங்கிவிடுவார்.

அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. கண்ணில்லாத டாக்டர் வந்தபோது இவ்வளவு பயம் இல்லை.

"நான் தைரியமா நிக்கலீங்க," என்றேன். "தறியில இழை அறுந்துச்சின்னா, ஒருத்தர் உள்ள கைய வுட்டு முடி போடுவாங்க. இன்னொருத்தர் ஹேண்டிலப் புடிச்சிக்கினு நிக்கணும். அவங்க கைய வெளிய எடுக்கறவரைக்கும் விடக்கூடாது, தேள் கடிச்சாலும். விட்டா தறி ஓடிடும், கை போயிடும். சின்ன வயசுலர்ந்து அந்தப் பழக்கம். நீங்க இன்னும் உள்ள இருந்தீங்க. அதான் விரல் எழல."

அவள் சிரிப்பு நின்றது. "தறியா? கம்ப்யூட்டர்னாங்க?"

"கம்ப்யூட்டர் ஜக்கார்டு. பென்டிரைவ் சொருகுவேன்," என்றேன். "நாலு பவர்லூம். நகரி."

சொன்ன பிறகு அவமானமாக இருந்தது. அதே சமயம், கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்த மாதிரியும் இருந்தது.

ஹேமா சொன்னது

அவள் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நாங்களும் அந்த ஊருதான்," என்றாள். "அஞ்சாவது வரைக்கும் அங்கதான் படிச்சன். எங்க வூட்ல ஆறு தறி. சோறு துன்னும்போது தட்டு தானா நகரும். படிச்சது மண்டையில நிக்காது. காதப் பொத்திக்கினு பாத்ரூம்ல உக்காந்து படிப்பேன். நைனா எல்லாத்தையும் வித்துட்டு திருப்பதிக்கு வந்தாரு. வந்த அன்னிக்கி நாள் பூரா தூங்கினன். எனக்கு ஜுரம்னு நெனச்சிக்கினு டாக்டராண்ட இட்டுக்கினு போனாங்க."

திரையைக் கையால் காட்டினாள்.

"இந்த கேம் ஏன் ஆடறேன்னு எங்க வூட்ல கேப்பாங்க. இதுல சத்தம் வந்தா ஓடலாம். ஓடிப் பொழச்சிக்கலாம். அங்க எங்க ஓடறது?"

நான் நிம்மதியாக நடந்துபோன அந்தத் தடதடச் சத்தத்திலிருந்து இவள் சின்ன வயசிலேயே ஓடிக்கொண்டிருந்தாள். ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே ஹெட்போனில், எங்களுக்கு இரண்டு வேறு சத்தங்கள் கேட்டிருக்கின்றன.

"நீங்க ஹேண்டில விடமாட்டீங்க, அது தெரிஞ்சிபோச்சி," என்றாள். "தறிய விடுவீங்களா?"

விடுவேன் என்று சொல்லலாம். அன்று காலையிலிருந்து சொன்ன பொய்களோடு இன்னொன்று. ஆனால் அவள் நேராகக் கேட்டாள். நைனாவுக்கு முட்டி போய்விட்டது. எனக்கு வேறு வேலை தெரியாது. அதைவிட, எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

"மாட்டேங்க," என்றேன்.

"தெரியும்," என்றாள். என் பட்டனைத் திரும்ப ஒரு தடவை பார்த்தாள். நேரம் முடிந்தது என்று கடைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

கீழே ஜூஸ் கடையில் அவள் அப்பா, "ஏம்மா, ஓகேவா?" என்று கேட்டார். "இண்டிகெள்ளி மாட்லாடதாம் நைனா," என்றாள் ஹேமா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம். பெண் பார்க்கிற இடத்தில், தமிழில் சொன்னாலும் தெலுங்கில் சொன்னாலும் இதற்கு ஒரே அர்த்தம்தான். முனிரத்தினத்தின் கையில் சப்போட்டா ஜூஸ் அப்படியே நின்றது.

புறப்படும்போது அவள் என்னிடம் வந்து, "வேற யார்னா கேட்டா, மொதல்லயே தறின்னு சொல்லிடுங்க. இத சொல்லாம போட்டோ மட்டும் காட்டாதீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் வலித்தது.

பஸ்ஸில்

புத்தூர் வழியாக நகரிக்குப் போகிற பஸ். மத்தியான வெயில். அம்மா இடது பக்க ஜன்னல் ஓரம், பக்கத்தில் நான். முனிரத்தினம் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கம்பியில் தாடையை வைத்து எங்கள் பக்கம் திரும்பியிருந்தார். படி ஏறமாட்டேன் என்ற சபதத்தை ரேணிகுண்டாவிலேயே மறந்துவிட்டிருந்தார்.

"இன்னாதான் சொல்லிச்சி அந்தப் பொண்ணு?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார் அம்மா.

"தறி சத்தம் ஆவாதாம்மா," என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு வீட்டுக்கு வாழ வருகிறவள் சத்தம் ஆகாது என்கிறாளே என்று அம்மா கத்துவார் என முனிரத்தினமும் எதிர்பார்த்தார். "ஆவாதுதான்," என்றார் அம்மா.

"வுடுங்கக்கா," என்றார் முனிரத்தினம். "கார்வேட்டிநகரத்துல ஒரு எடம் கீது. டிகிரி படிச்ச பொண்ணு. இந்த தபா கம்ப்யூட்டர்னு சொல்ல வேணாம், மாட்டிக்கினோம். ஸ்ரீ சிட்டில சூப்பர்வைசர்னு சொல்லிடலாம். கழுத்துல ஒரு அட்டை மாட்டினா போதும், என் மச்சான் புள்ளையோடது ஒண்ணு கீது."

"தறின்னே சொல்லுங்க," என்றேன்.

"சொன்னா போட்டோவே வராது லோகு."

"வரவேணாம்."

முனிரத்தினம் என்னை விட்டுவிட்டு நியாயம் கேட்க அம்மாவைப் பார்த்தார். இந்தப் பத்து வருஷமும் ஒவ்வொரு பொய்க்கும் அம்மாதான் அவருக்குத் துணை. என்னைச் சமாளிப்பதும் அம்மாதான்.

"சொல்லிடு முனிரத்தினம்," என்றார் அம்மா. "தறின்னு சொல்லு. ஷெட்டு தனியா இல்ல, வூட்டுக்குள்ளயே ஓடுதுன்னு சொல்லு. எனக்கு சோத்துக்கைப் பக்கம் காது கேக்காதுன்னும் சொல்லிடு. வர்ற பொண்ணு பின்னாலர்ந்து கூப்ட்டு, நான் திரும்பாம போனா, மாமியாருக்குத் திமிருன்னு நெனச்சிக்கப் போவுது."

முனிரத்தினம் கம்பியிலிருந்து தாடையை எடுத்தார். அவரிடம் இதற்கு இஸ்திரி போட ஒன்றும் இல்லை. முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் முப்பத்து மூன்று வருஷம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கூப்பிட்டிருக்கிறேன், ஜுரத்தில் படுத்துக்கொண்டு கூப்பிட்டிருக்கிறேன். திரும்பாத நாட்களில், அம்மாவுக்கு என்மேல் கோபம் என்று நானும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கிறேன்.

"எத்தினி வருஷமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா அதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பி, புத்தூர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. நான் உட்கார்ந்திருந்தது அவருடைய சோத்துக்கைப் பக்கம்.